பதிவுத் தபாலில் ஒரு செவ்வந்திக் கல்

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் சிட்டுவும் நல்லபடியாக இருக்கிறோம். உன் முழங்கால் வலி குறைந்ததா? கடைக்கும் மாடி அறைக்குமாக நாளைக்குப் பத்துத் தடவை ஏறி இறங்காதே என்று போன கடிதத்திலேயே எழுதினேன். நீ எங்கே கேட்கப் போகிறாய்.

'நானும் சிட்டுவும்' என்று எழுதி அவரை விட்டுவிட்டேனே என்று யோசிப்பாய். யோசிக்கட்டும் என்றுதான் அப்படி எழுதினேன். மறுபடி ஆரம்பித்துவிட்டார். முன்பு சனிக்கிழமை மட்டும். இப்போது ரொட்டி வண்டியின் சாயங்காலச் சுற்றுக்குக் கிளம்பும் முன்பே உள்ளே போய்விடுகிறது. பேக்கரி முதலாளிக்குத் தெரிந்தால் அன்றைக்கே வண்டிச் சாவியை வாங்கிக்கொள்வார். போன வாரம் பள்ளிக்கூடத்தில் அப்பாவைப் பற்றி ஐந்து வரி எழுதச் சொன்னார்களாம். "என் அப்பா மேல் ரொட்டி வாசனையும் மருந்து வாசனையும் வரும்" என்று எழுதியிருக்கிறாள் சிட்டு. டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சண்டை போட்டுப் பார்த்தேன். பேசாமலிருந்தும் பார்த்தேன். அவர் கெட்டவர் இல்லை அக்கா. காலையில் என் முகத்தைப் பார்க்க முடியாமல் சிட்டுவுக்கு ஒன்றுக்கு இரண்டு தடவை தலை வாரிவிடுகிறார்.

குடியை நிறுத்துகிற கல் ஒன்று உன் கடையில் இருப்பதாக எப்போதோ சொன்னாயே, அது என்ன கல்? நிஜமாகத்தான் கேட்கிறேன். சிரிக்காதே.

உன் பதிலை எதிர்பார்த்திருக்கும்
தங்கை


பிப்ரவரி 12

என் அருமை வாலு,

முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. வலியும் அங்கேயேதான். மற்றபடி சௌக்கியம். சிட்டு எழுதிய வரியைப் படித்துச் சிரித்தேன். பிறகு அடுத்த கல்லைத் தராசில் வைக்கக் கை வரவில்லை.

நீ கேட்டது செவ்வந்திக் கல். ஊதா நிறம். பன்னிரண்டு வருஷமாக இந்தக் கடையில் கற்களைத் தரம் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 'வரலாறும் பலன்களும்' என்று அட்டை எழுதுகிறவள் நான். அதனால் ஒப்பிப்பேன், கேள். பழைய கிரேக்க மொழியில் இதன் பெயருக்கே 'போதை ஏறாதது' என்று அர்த்தமாம். இதைக் குடைந்து செய்த கிண்ணத்தில் குடித்தால் எவ்வளவு குடித்தாலும் தலை சுற்றாது என்று நம்பினார்கள். கிண்ணமே ஊதாவாக இருப்பதால் விருந்து வைத்தவன் தண்ணீரை ஊற்றிக் கொடுத்தாலும் திராட்சை மது மாதிரியே தெரிந்திருக்கும், அதுதான் ரகசியம் என்பார் எங்கள் முதலாளி. பிறகு மதகுருமார்கள் மோதிரத்தில் வைத்துக்கொண்டார்கள். தலைவலிக்கு நெற்றியில் வைத்தார்கள், தூக்கம் வரத் தலையணைக்கடியில் வைத்தார்கள். ஒரு காலத்தில் மாணிக்கத்துக்குச் சமமாக மதித்த கல். கடல் கடந்த தேசமொன்றில் மலை மலையாகக் கிடைத்ததும் மவுசு போய்விட்டது.

இதெல்லாம் அட்டையில் எழுதுவது. உனக்கு மட்டும் சொல்கிறேன்: இது இரும்புச் சத்து கலந்த படிகம், அவ்வளவுதான். சூடு காட்டினால் மஞ்சளாகிவிடும், வெயிலில் போட்டால் வெளுத்துவிடும். தன் நிறத்தையே காப்பாற்றிக்கொள்ளத் தெரியாதது மனுஷனை எங்கே காப்பாற்றும்? ஆனாலும் மாப்பிள்ளை பாட்டிலைத் தூக்கும்போது கழுத்தில் ஏதோ ஒன்று இடித்தால், ஒரு நிமிஷம் யோசிப்பார். அந்த ஒரு நிமிஷத்துக்காக அனுப்புகிறேன்.

வெள்ளிக் கம்பி சுற்றி, துணியில் தைத்து, மாப்பிள்ளை பெயருக்கே பதிவுத் தபாலில் நாளை போடுகிறேன். அவரே கையெழுத்துப் போட்டு வாங்கினால்தான் அவருக்கு அதன்மேல் ஒரு மரியாதை வரும். மேலே சிவப்பு மையில் 'அவசரம்' என்று பெரிதாக எழுதப் போகிறேன்.

சிட்டுவுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம்.

உன் அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்கா,

நாங்கள் மூவரும் சௌக்கியம். பார்த்தாயா, இந்தத் தடவை மூவர்!

கல் வந்துவிட்டது. வந்து பதினாறு நாளாகிறது. பதினாறு நாளும் அவர் ஒரு சொட்டுத் தொடவில்லை. உடனே எழுதினால் கண் பட்டுவிடுமோ என்று பயந்துதான் எழுதாமலிருந்தேன்.

பிப்ரவரி இருபத்தொன்று சாயங்காலம் நல்ல மழை. தையற்கூடத்திலிருந்து வந்து விளக்கைப் போட்டால், அவர் சொட்டச் சொட்ட நனைந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் உன் பொட்டலம். துணி ஈரத்தில் ஊறி, உன் சிவப்பு மை முழுக்கக் கரைந்திருந்தது. "வழியில தபால்காரர் குடுத்தார்" என்றார். நான் தையலைப் பிரித்தேன். கல்லைப் பார்த்ததும் அப்படி அழுதார் அக்கா, கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. "இப்பவே கட்டிவிடு" என்றார். கட்டிவிட்டேன். அன்று வண்டியையும் விளக்குக் கம்பத்தில் உரசிவிட்டாராம். முன்விளக்கு ஒன்று போய்விட்டது. அந்தப் பயமும் சேர்ந்து கொண்டதோ என்னவோ. எதுவானாலும் சரி, நீ இரும்பு என்று சொல்லு, படிகம் என்று சொல்லு, எனக்கு அது சாமி.

ஒரு வருத்தமான சேதியும் உண்டு. நம் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போன அதே சாயங்காலம், தபால்காரரை ஏதோ வண்டி இடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டதாம், மரக்கடை வளைவில். ஒரு மணி நேரம் மழையில் கிடந்திருக்கிறார். பால்காரர் பார்த்துத் தூக்கிப் போயிருக்கிறார். பாவம், சைக்கிள் மணியை இரண்டு தடவை அடித்துவிட்டு, "கடுதாசி வந்துருக்கு, சிரிச்ச முகமா வாங்க" என்பாரே, அவர்தான். இப்போது வருகிற புதுப் பையன் வீட்டு எண்ணையே தலைகீழாகப் படிக்கிறான். என் கடிதம் தாமதமானால் அவன்மேல் கோபித்துக்கொள்.

உன் அன்புத் தங்கை


மார்ச் 20

என் அருமை வாலு,

நலம். உன் கடிதத்தைக் கடையிலேயே உரக்கப் படித்துவிட்டேன். வெட்கம் கெட்டு நான் அழுததைப் பார்த்த முதலாளி கடிதத்தை வாங்கி அவரும் படித்தார். மறுநாளே செவ்வந்திக் கல் தட்டுக்குப் பக்கத்தில் புது அட்டை: 'ஒரே நாளில் குடியை மறக்கச் செய்தது. எங்கள் ஊழியரின் குடும்பத்திலேயே நடந்த உண்மை.' என்னைத்தான் எழுதச் சொன்னார். எழுதினேன். பலன்களைப் பற்றி நான் நம்பி எழுதிய முதல் அட்டை அதுதான்.

தபால்காரர் சேதி மனத்தை அறுக்கிறது. இடித்தவன் இறங்கிக்கூடப் பார்க்கவில்லையா? என்ன பிறவியோ. அவர் வீட்டுக்குப் போய் விசாரித்துவிட்டு வா.

ஒரு சின்ன வேலை. பதிவுத் தபாலோடு ஒப்புகை அட்டை வைத்து அனுப்பியிருந்தேன். வாங்கினவர் கையெழுத்தோடு அது எனக்குத் திரும்பி வரவேண்டும், வரவில்லை. மாப்பிள்ளை கையெழுத்துப் போட்ட அந்த அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ள ஆசை. தபாலாபீசில் கேட்டேன். "எழுதிக் குடுங்கம்மா, தேடிப் பாக்குறோம்" என்றார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சிட்டு இப்போது அப்பாவைப் பற்றி என்ன எழுதுகிறாள்?

உன் அக்கா


ஏப்ரல் 16

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்குக் குறைவில்லை. உன் கால் எப்படி?

ஐம்பத்துநான்கு நாள். தையற்கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. காஜா எடுக்கிற அம்மா தன் மகனுக்காக ஒரு நாள் இரவல் கேட்கிறாள். கல்லை இரவல் கொடுப்பதுண்டா?

குடி போனதோடு அவர் பேச்சும் போய்விட்டது அக்கா. சிட்டு கதை கேட்டால் பாதியில் நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்க்கிறார். மரக்கடைப் பக்கம் போகாமல் ஊரைச் சுற்றிக்கொண்டு ரொட்டி போடுகிறாராம். பேக்கரியில் திட்டு வாங்குகிறார். குடியை விட்டவர்களுக்குக் கொஞ்ச நாள் இப்படித்தான் இருக்கும் என்கிறாள் காஜா அம்மா.

தபால்காரருக்கு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். தலையிலும் அடி. அன்று மத்தியானத்துக்குப் பிறகு நடந்தது எதுவுமே அவருக்கு ஞாபகமில்லையாம். தலைவலிக்கு நெற்றியில் வைப்பார்கள் என்று நீ எழுதியிருந்தாயே, ஞாயிற்றுக்கிழமை இவர் குளிக்கும்போது கழற்றி வைத்த கல்லை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டேன். வாசலைத் தாண்டவில்லை, பின்னாலேயே ஈரத் தலையோடு ஓடி வந்துவிட்டார். "யாரைக் கேட்டு எடுத்த?" என்று கையை முறுக்கிப் பிடுங்கிக்கொண்டார். என்மேல் கை வைத்தது அதுதான் முதல் தடவை. குடித்த நாளில்கூட வைத்ததில்லை. கல்மேல் அவ்வளவு நம்பிக்கை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்று கேள், அநியாயம். அந்த மனுஷர் பையில் இருந்த பதிவுத் தபால் ஏதோ ஒன்று காணவில்லையாம். அவர்தான் எடுத்துவிட்டார் என்று ஆபீசர்கள் கட்டிலுக்கே வந்து விசாரிக்கிறார்களாம். கால் போனவன்மேல் களவுப் பழி. இடித்தவன் மாதிரியே இவர்களும்.

தங்கை


மே 4

வாலு,

இதை நீ மட்டும் படி. சிட்டு பக்கத்திலிருந்தால் வெளியே அனுப்பு.

தபால் இலாகாவிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்: "தாங்கள் பிப்ரவரி 13 அன்று அனுப்பிய பதிவுப் பார்சல் பட்டுவாடா ஆகவில்லை. பட்டுவாடாத் தாளில் கையெழுத்து இல்லை. விபத்துக்குப் பின் மீட்கப்பட்ட பையிலும் அது இல்லை. அப்படியொரு பார்சல் தனக்கு வரவேயில்லை என்று பெறுநர் எழுதிக் கொடுத்துள்ளார். ஊழியரின் விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை." கூடவே பெறுநர் எழுதிக் கொடுத்ததன் நகல். அந்தக் கையெழுத்தை எனக்குத் தெரியும். உங்கள் கல்யாணப் பதிவில் சாட்சியாக அதற்குக் கீழேதான் என் கையெழுத்து இருக்கிறது.

வரவேயில்லை என்றால், நீ யார் கழுத்தில் எதைக் கட்டினாய்?

மூன்று தடவை உன் மார்ச் மாதக் கடிதத்தைப் படித்துவிட்டேன். வழியில தபால்காரர் குடுத்தார். விளக்குக் கம்பம். முன்விளக்கு. மழை. அதே சாயங்காலம். நான் நினைப்பது தப்பென்று சொல்லு. என்னைத் திட்டு. 'உனக்குப் பைத்தியமா அக்கா' என்று எழுது, சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன்.

அந்தக் கடிதத்தோடு ஒரு படிவமும் இருக்கிறது. 'பார்சல் வேறு எவ்வகையிலாவது பெறுநரைச் சென்றடைந்ததாக அனுப்புநர் அறிவாரா?' ஆம், இல்லை. ஜூன் முப்பதுக்குள் கையெழுத்திட்டு அனுப்பவேண்டும். உன் பதில் வரும்வரை அதை நான் தொடமாட்டேன்.

அக்கா


ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் நலத்தை எழுதவும்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. புது வகுப்புச் சீருடை வேலை தலைக்குமேல் இருக்கிறது, ஒரு நாளைக்கு நாற்பது சட்டைக்குக் காலர் வைக்கிறேன். சிட்டுவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. விழுந்த பல்லைத் தீப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டு எல்லோரிடமும் காட்டுகிறாள். வீட்டுக் குழாயில் தண்ணீர் சரியாக வருவதில்லை. பக்கத்து வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள், துணி காயப்போட இடமில்லை.

அவர் வேலைக்குப் போய் வருகிறார். குடிப்பதில்லை. எனக்கு அது போதும் அக்கா. வேறு எதுவும் வேண்டாம்.

முழங்காலைக் கவனித்துக்கொள்.

தங்கை


ஜூன் 19

வாலு,

பல் விழுந்தது தெரிந்துகொண்டேன். குழாய் தெரிந்துகொண்டேன். நான் கேட்டது ஒன்று, நீ எழுதியது ஒன்பது. சின்ன வயதில் கண்ணாடியை உடைத்துவிட்டு, 'வெளியில காக்கா கத்துது' என்று வந்து நிற்பாயே, அதே மாதிரிதான் இருக்கிறது உன் கடிதம்.

உனக்குத் தெரியும். தெரியாதிருந்தால் நீ பொங்கியிருப்பாய்.

அந்த மனுஷருக்கு ஒரு கால் போய்விட்டது. இப்போது பேரும் போகப் போகிறது. எழுதிக் கொடுத்து இந்த விசாரணையைத் தொடங்கி வைத்தவள் நான். ஒரு அட்டையில் உன் புருஷன் கையெழுத்தைப் பார்க்கிற ஆசையில். 'ஆம்' என்று நான் எழுதினால் போலீஸ் உன் வாசலுக்கு வரும். 'இல்லை' என்று எழுதினால் திருடன் என்று அவருக்கு நானே முத்திரை குத்துகிறேன். படிவம் மேஜைமேல் கிடக்கிறது. சாப்பிடும்போது அதன்மேல் தட்டை வைத்து மூடிக்கொள்கிறேன்.

ஒரு வரி போதும். எதை எழுதச் சொல்கிறாய்?

அக்கா


ஜூலை 14

அக்கா,

இது நான் எழுதுகிற ஐந்தாவது கடிதம். முதல் நாலையும் கிழித்துப் போட்டேன்.

உன் மே மாதக் கடிதம் வந்த அன்று சாயங்காலமே அவரிடம் கேட்டேன். மறைக்கவில்லை. கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர் மாதிரி கொட்டிவிட்டார். அன்று நாலு மணிக்கே குடித்திருக்கிறார். வளைவில் சைக்கிள் தெரியவில்லை. இறங்கிப் பார்த்தாராம். தபால்காரர் மழைக் கோட்டோடு மல்லாந்து கிடந்தார். நினைவு இருந்தது அக்கா. இவரை அடையாளம் கண்டுகொண்டு, "சார்... உங்க வீட்டுக்குத்தான் வந்துட்டிருந்தேன். ரிஜிஸ்தர் ஒண்ணு இருக்கு" என்று பையிலிருந்து எடுத்து நீட்டினாராம். இவர் வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார். "ஏன் ஏறுனேன்னு தெரியல. கை நீட்டுனார், வாங்கிட்டேன். அப்புறம் கால் தானா போயிருச்சு" என்றார்.

அப்போதே போலீசுக்குப் போகிறேன் என்று சட்டையை மாட்டினார். தடுத்தது நான். அதைத்தான் உனக்கு எழுத முடியவில்லை. கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்து நின்று, "இப்பத்தான் எனக்குன்னு ஒரு வீடு கிடைச்சிருக்கு. அதைப் பிடுங்காதீங்க" என்றேன். அவர் சட்டையைக் கழற்றிவிட்டார். அன்றிலிருந்து அவருக்குக் கல் ஒன்று, நான் ஒன்று, கழுத்தில் இரண்டு பாரம்.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தபால்காரரின் மனைவி வந்தார். கையில் ஒரு நோட்டு. தெருத் தெருவாக வீடு வீடாகப் போகிறாராம். உள்ளே கூப்பிட்டேன், உட்காரவில்லை. இவரைப் பார்த்துத்தான் பேசினார்.

"வேலையிலேர்ந்து எடுத்துட்டாங்க. நேத்து ஆர்டர் வந்துச்சு. உங்க பார்சல் வரலைன்னு நீங்க எழுதிக் குடுத்தீங்க. வரலைன்னா வரலைன்னுதானே எழுதுவீங்க, அதை நான் தப்பு சொல்லல. அனுப்புன அம்மாவும் சேரலைன்னு கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டாங்களாம்."

அக்கா, நீயா? எனக்குக் காதில் வண்டு புகுந்த மாதிரி ஆகிவிட்டது. அதற்குமேல் அந்த அம்மா பேசியது தூரத்திலிருந்து கேட்டது.

"இருபத்தாறு வருஷம். ஒரு கடுதாசி தவறுனதில்ல. அன்னைக்கும் ரெண்டு தடவை வந்து பாத்திருக்கார், வீடு பூட்டியிருக்கு. ட்யூட்டி முடிஞ்சு வீட்டுக்கு வந்து டீ குடிச்சிட்டு, 'மேல அவசரம்னு எழுதியிருக்கு, யாருக்கு என்னவோ'ன்னு மறுபடி கிளம்பிப் போனார். நீங்க பார்சலைப் பத்தி எதுவும் எழுத வேணாம். மத்தபடி நல்ல மனுஷன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நூத்திப்பதினேழு வீட்ல போட்டிருக்காங்க."

நோட்டை நீட்டி, பேனாவைத் திறந்து கொடுத்தார். இவர் வாங்கிக்கொண்டார். எழுதக் குனிந்தார். சட்டைக்குள்ளிருந்து கல் வெளியே விழுந்து நோட்டின்மேல் தொங்கியது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இந்தத் தடவை நான் கதவருகே போகவில்லை அக்கா. தைரியத்தால் இல்லை. கால் வரவில்லை.

"பார்சல் வந்துச்சும்மா. இதுதான். அவரை இடிச்சதும் நான்தான்" என்றார்.

அந்த அம்மா கத்துவார், அடிப்பார் என்று நினைத்தேன். நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்ப அவர் முழிச்சிருந்தாரா?"

"முழிச்சிருந்தார்."

"பேசுனாரா?"

"பேசுனார்."

"பேசிட்டிருந்த மனுஷனையா விட்டுட்டுப் போனீங்க?"

இவர் தரையைப் பார்த்தார். அந்த அம்மா நோட்டை மூடினார். "நீங்களே வந்து சொல்லுங்க. நான் போய்ச் சொன்னா, எனக்குப் புத்தி பிசகிப் போச்சுன்னு நினைப்பார்" என்றார். மூன்று பேரும் தெரு வழியே நடந்தோம். எதிரில் வந்த காஜா அம்மா, "எங்க கூட்டமா?" என்று சிரித்தாள்.

தபால்காரர் ஜன்னல் ஓரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இவர் வாசற்படியிலேயே மண்டியிட்டு எல்லாவற்றையும் சொன்னார். கேட்டுக்கொண்டே இருந்தவர், "பார்சல் உங்க கைக்கு வந்துச்சா?" என்றார்.

"வந்துச்சு."

"எங்கையாலயா?"

"உங்க கையாலதான்."

கண்ணை மூடிக்கொண்டார். "அப்ப நான் குடுத்துட்டேன்" என்றார். ஐந்து மாதமாக அந்தப் பார்சலை எங்கே போட்டேன், எங்கே போட்டேன் என்று தன்னையே சந்தேகப்பட்டுத் தூங்காமல் இருந்தாராம். முகம் அப்படித் தெளிந்தது. ஒரு கணம், மன்னித்துவிட்டார் என்றே நினைத்துவிட்டேன். பிறகு கண்ணைத் திறந்து தன் காலைப் பார்த்தார். கால் இருந்த இடத்தைப் பார்த்தார். மனைவியிடம், "இவரைக் கூட்டிட்டுப் போ. என் கண்ணு முன்னால நிக்க வேணாம்" என்றார்.

அங்கிருந்து இவர் நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். நான் கூடவே போனேன். கல்லைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அதை ஒரு கவரில் போட்டு ஒட்டிவிட்டார்கள். அவரை உள்ளே வைத்துவிட்டார்கள் அக்கா. தபால்காரரை நாற்பது நிமிஷம் முன்னால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தாலே காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் எழுதியிருக்கிறாராம். சிட்டுவிடம் அப்பா வெளியூர் போயிருப்பதாகச் சொன்னேன். "பொய்" என்றாள்.

நீ ஏன் அப்படிக் கையெழுத்துப் போட்டாய்? எனக்காகத்தானே. அதைத்தான் தாங்க முடியவில்லை.

தங்கை


ஜூலை 22

என் வாலு,

உடம்பை விசாரித்து எழுத வாய் வரவில்லை. சாப்பிடு. சிட்டுவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு. அவளிடம் உண்மையைச் சொல்லிவிடு. அவளுக்கு ஏற்கெனவே பாதி தெரியும்.

கையெழுத்து நான் போட்டதுதான்.

ஜூன் முப்பது மத்தியானம்வரை உன் கடிதத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. 'ஆம்' என்று எழுதப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். நீ கைக்குழந்தையாக இருக்கும்போது தூக்கிக்கொண்டு திரிந்தவள் நான். அந்தக் கனம் கையில் வந்து உட்கார்ந்துகொண்டது. 'இல்லை' என்று போட்டேன். ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டு, மாடிக்கு வந்து, முகம் கழுவி, வழக்கம்போலச் சாப்பிட்டேன். அதுதான் எனக்கு அதிர்ச்சி. பசித்தது. தூக்கம் வந்தது. 'இடித்தவன் இறங்கிக்கூடப் பார்க்கவில்லையா, என்ன பிறவியோ' என்று எழுதியவள் நான். மாப்பிள்ளையாவது குடித்திருந்தார், மழை பெய்தது, பயம். நான் பட்டப்பகலில், தெளிந்த புத்தியோடு, உட்கார்ந்து யோசித்து ஒரு மனுஷனை விட்டுவிட்டுப் போனேன்.

நேற்றுத் தபாலாபீசுக்குப் போனேன். நான் எழுதியது பொய், பார்சல் சேர்ந்தது மார்ச் மாதமே எனக்குத் தெரியும் என்று எழுதிக் கொடுத்தேன். உன் மார்ச் மாதக் கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். அதிகாரி அதை இரண்டு தடவை படித்தார். "படிச்சவங்கதானே நீங்க? ஒரு குடும்பம் சோத்துக்கு என்ன பண்ணும்னு யோசிச்சீங்களா?" என்றார். யோசித்தேன், அதற்குப் பிறகும்தான் போட்டேன் என்றேன். என்மேலும் வழக்கு வரலாமாம். வரட்டும். வேலை நீக்க உத்தரவை நிறுத்திவைக்க இன்றே மேலே எழுதுவதாகச் சொன்னார். ஒரு காலோடு உட்கார்ந்து தபால் பிரிக்கிற வேலை கிடைக்குமா என்பது பிறகுதான் தெரியும்.

முதலாளியிடம் அந்த அட்டையை எடுக்கச் சொன்னேன். "கல்லு என்னம்மா பண்ணும், அது பாட்டுக்கு இருக்கு. ஜனங்க கேட்டு வாங்குறாங்க" என்றார். அட்டையை நானே எடுத்துக் கிழித்தேன். என்னையும் வேலையிலிருந்து நிறுத்துவார் என்று நினைத்தேன். அவர் வேறொரு பெண்ணைக் கூப்பிட்டு, அதையே புதிதாக எழுதச் சொன்னார். அவள் என் பழைய வாக்கியத்தை அப்படியே மனப்பாடமாக வைத்திருந்தாள். அந்தக் கடையில் இனி எனக்கு வேலை இல்லை என்று நானே சொல்லிவிட்டு மாடிக்கு வந்து பெட்டி கட்டிவிட்டேன்.

வியாழக்கிழமை மத்தியான ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வராதே. நான் முதலில் தபால்காரர் வீட்டுக்குப் போகவேண்டும். 'அவசரம் என்று எழுதியவளும் நான், சேரவில்லை என்று எழுதியவளும் நான்' என்று அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். கதவைத் திறப்பார்களா, திறந்து என்ன சொல்வார்கள், தெரியாது. எவ்வளவு நேரம் நிற்க வைத்தாலும் நிற்பேன்.

அதற்குப் பிறகு உன்னிடம் வருகிறேன். இருட்டுவதற்குள் வந்துவிடப் பார்க்கிறேன். வராவிட்டால் சிட்டுவுக்குச் சோறு போட்டுத் தூங்க வை; எனக்காகக் காத்திருக்க வேண்டாம்.

அக்கா